ரக்பி லீக்கில் இடம் கேட்கப் போகிறீர்களா?

இங்கிலாந்து ரக்பியின் தாய்ச் சங்கமான ரக்பி ஃபுட்பால் யூனியன் 1871 ஜனவரி 26 அன்று லண்டன் பால்மால் ரெஸ்டாரண்டில் தொடங்கப்பட்டது. அன்று கூடியவை 21 கிளப்புகள். வாஸ்ப்ஸ் கிளப்பும் அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் ஆள் வந்து சேரவில்லை. அதே பெயருள்ள வேறொரு கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு கதை. நாளையே மாற்றிக் குறித்துக்கொண்டார் என்று இன்னொரு கதை. எது நடந்ததோ, நிறுவனர்கள் பட்டியலில் வாஸ்ப்ஸ் பெயர் இல்லை.

ஒன்றரை நூற்றாண்டு கழித்தும், அமெச்சூர் லீக் ஒன்று புதுக் கிளப்பைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும்போது மனதில் வைத்திருக்கும் கேள்வி அதுதான்: இவர்கள் வருவார்களா? செப்டம்பரில், வெயில் காயும் முதல் ஆட்டத்துக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். பிப்ரவரியில், சேறு கணுக்கால் வரை ஏறியிருக்கும்போது, ஏழெட்டு ஆட்டம் வரிசையாகத் தோற்ற பிறகு, பக்கத்துக் கவுண்டியில் ஏதோ ஒரு ஊருக்குப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்களா? நன்றாக ஆடுகிறீர்களா என்பது இரண்டாவது கேள்வி. பல லீக்குகளில் அதைக் கேட்பதே இல்லை.

விளையாட்டு நிர்வாகத்தில் வேலை தேடுகிறவர்களுக்கும், நண்பர்கள் வற்புறுத்தியதால் கிளப் செயலாளர் பொறுப்பை வாங்கிக்கொண்டு இப்போது விழித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து. அமெச்சூர் ரக்பி மிகப் பெரிய அளவில், மிகப் பழைய விதிகளோடு நடக்கும் இடம் அது. அங்கே குடியேறிய தமிழர் பிள்ளைகள் ஞாயிறு காலை ரக்பிக்குப் போகும் காலம் இது. பிள்ளையை இறக்கிவிட வந்த அப்பா அம்மா கையில் ஒரு பொறுப்பைத் திணித்துவிடுவது அந்த ஊர் கிளப்புகளின் வழக்கம்.

யார் கையில் முடிவு?

முதலில் ஒரு தெளிவு. ரக்பி இரண்டு வகை. பதினைந்து பேர் ஆடுவது யூனியன், பதின்மூன்று பேர் ஆடுவது லீக். வேலைக்குப் போகாமல் ஆட வரும் தொழிலாளிக்கு, இழந்த கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் பிரிந்து போயின. அதிலிருந்து இரண்டுக்கும் தனித்தனி சங்கம், தனித்தனி சட்டம், புதுக் கிளப்பைச் சேர்ப்பதிலும் தனித்தனி வழி.

யூனியனில் எல்லாம் ஒரே ஏணி. உச்சியில் பிரெம் (2025 வரை அதன் பெயர் பிரீமியர்ஷிப்). மூன்றாம் நான்காம் படிகள் நேஷனல் லீக்குகள், ஐந்தும் ஆறும் வட்டார லீக்குகள், ஏழாம் படியிலிருந்து கீழே கவுண்டி லீக்குகள். 1987இல் கரேஜ் என்ற பீர் கம்பெனியின் பெயரில் இந்த ஏணி வருவதற்கு முன்னால் தேசிய லீக் என்றே ஒன்று கிடையாது. யார் யாரோடு ஆடுவது என்பதைச் செயலாளர்கள் கடிதம் எழுதிப் பேசி முடிப்பார்கள். பெரிய கிளப் உங்களோடு ஆட மறுத்தால் மறுத்ததுதான், அப்பீல் கிடையாது. 1987இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகளை ஒரே அடுக்கில் நிறுத்தியபோதுதான் "தகுதி இருந்தால் மேலே வா, இல்லையென்றால் இறங்கு" என்ற ஒழுங்கு வந்தது.

இந்த ஏணியில் புதுக் கிளப் நுழையும் வாசல் ஒன்றே: அடிப்படி. முதலில் உங்கள் கவுண்டி ரக்பி சங்கத்தை அணுக வேண்டும். மிடில்செக்ஸ், சர்ரே, யார்க்ஷயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றுக்கும் அதே தகுதியில் தனிச் சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் உங்களைப் பார்த்து, பரிந்துரைத்து, தாய்ச் சங்கத்தில் உறுப்பினராக்க வேண்டும். பிறகு சில காலம் நட்பு ஆட்டங்கள், மற்ற கிளப்புகளின் இரண்டாம் மூன்றாம் அணிகளோடு மெரிட் டேபிள் (ஏணிக்கு வெளியே வைக்கும் தரப்பட்டியல்) ஆட்டங்கள். அதில் ஒழுங்காக வந்து ஆடினால் கீழ் லீக்கில் ஓர் இடம்.

"எங்களிடம் முன்னாள் சர்வதேச வீரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், நடுவில் எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுப் பயனில்லை. பெரிய பெயர்களே இதற்குத் தப்பவில்லை. 1999இல் ரிச்மண்ட், லண்டன் ஸ்காட்டிஷ் என்ற இரண்டு பழம்பெரும் கிளப்புகளின் தொழில்முறைப் பிரிவுகள் கடனில் மூழ்கி லண்டன் ஐரிஷோடு இணைக்கப்பட்டன. மிச்சமிருந்த அமெச்சூர் கிளப்புகள் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்–மிடில்செக்ஸ் உள்ளூர் லீக்கிலிருந்து மறுபடி தொடங்கின. லண்டன் ஸ்காட்டிஷ் இரண்டாம் படிக்குத் திரும்பியது 2011இல், ரிச்மண்ட் 2016இல். லண்டன் வெல்ஷ் 2017இல் இதே வழியில் இறங்கியது. 1871 கூட்டத்தைத் தவறவிட்ட வாஸ்ப்ஸ் 2022 அக்டோபரில் திவாலாகி, திரும்பி வருவதற்குக் கொடுத்த நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் போனபோது, 2023இல் தாய்ச் சங்கம் சொன்னதும் இதுதான்: ஆட வேண்டுமென்றால் கடைசிப் படியிலிருந்து வாருங்கள்.

இது கடுமைபோலத் தோன்றும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பத்து வருஷம் சேற்றில் உருண்டு ஒவ்வொரு படியாக ஏறிய ஒரு கிராமத்துக் கிளப்பின் தலைக்கு மேல், பணமும் பெயரும் உள்ள ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் அப்புறம் ஏணிக்கு என்ன மரியாதை?

பதின்மூன்று பேர் ரக்பியில் முறை வேறு. அங்கே அமெச்சூர் கிளப்புகளைக் கவனிக்க ஆளில்லாமல் போன நிலையில் 1973இல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் பார்லா என்ற அமெச்சூர் சங்கம் உருவானது. 1986இல் தொடங்கி இன்று நேஷனல் கான்ஃபரன்ஸ் லீக் என்ற பெயரில் நடப்பதுதான் அந்த உலகின் மேல்தட்டு. வட்டார லீக்கில் கோப்பை வென்றுவிட்டால் தானாகவே அதில் இடம் கிடைத்துவிடாது. விண்ணப்பிக்க வேண்டும், மைதானம், நிர்வாகம் எல்லாம் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். ஆக, செயலாளரின் முதல் வேலை இது எந்த வகை லீக் என்று தெரிந்துகொள்வது. ஏணி முறை என்றால் பொறுமை வேண்டும். தேர்வு முறை என்றால் நல்ல கோப்பு வேண்டும்.

முடிவெடுப்பது யார் என்பதில் தகராறு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1998 முதல் பதின்மூன்று பேர் ரக்பியை நடத்திவந்த அமைப்பின் நிர்வாகத்தில் தங்களுக்குப் போதிய குரல் இல்லை என்று அதிருப்தியடைந்த கிளப்புகள் 2011 ஜனவரியில் வெளியேறி, யூஎஸ்ஏ ரக்பி லீக் என்று தாங்களே ஒன்றைத் தொடங்கின. 2014இல் பழைய அமைப்பு மூடப்பட்டது. சேரப்போகும் லீக்கில் கிளப்புகளுக்கு வாக்கு உண்டா என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு வகையும் இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். 2025இல் முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் தட்டிக்கொண்டு வந்த இந்திய ரக்பி பிரீமியர் லீக், ஐபிஎல் மாதிரி ஃபிரான்சைஸ் லீக். அங்கே நகரத்தின் உரிமையை வாங்கியவர் உள்ளே வருவார். அமெச்சூர் லீக்கில் அந்தக் கடை திறப்பதில்லை.

மைதானத்தைப் பார்க்க வருகிறார்கள்

விண்ணப்பம் போட்ட பிறகு லீக் ஆட்கள் மைதானத்தைப் பார்க்க வரக்கூடும். தேர்வு முறை லீக் என்றால் கட்டாயம் வருவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அல்லது பழைய ரெஃப்ரி, கையில் அளவு டேப்போடு. புன்னகையோடுதான் நடப்பார், ஆனால் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிடுவார்.

யூனியன் சட்டப்படி ஆடுகளத்தின் நீளம் 94 முதல் 100 மீட்டர், அகலம் 68 முதல் 70 மீட்டர். கோல் கோட்டுக்குப் பின்னால் பந்தை ஊன்றும் பகுதி 6 முதல் 22 மீட்டர் வரை இருக்கலாம். இரண்டு கம்பங்களுக்கு இடைவெளி 5.6 மீட்டர், குறுக்குக் கம்பி 3 மீட்டர் உயரத்தில். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, யாரும் அளந்து வைத்துவிடலாம். ஆய்வாளர் குனிந்து பார்க்கும் இடம் வேறு. கம்பத்தைச் சுற்றிக் கட்டிய மெத்தை கோல் கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறதா? மெத்தையின் அடிப்பக்கம் கிழிந்து இரும்பு தெரிகிறதா? பக்கக் கோட்டிலிருந்து ஐந்து மீட்டருக்குள் வேலிக்கம்பம், பெஞ்ச், விளக்குக் கம்பம் ஏதாவது இருக்கிறதா? ஓடிவந்தவரைப் பிடித்துத் தள்ளும் ஆட்டம் இது. கோட்டைத் தாண்டி மூன்றடியில் ஒரு இரும்புக் குழாய் இருந்தால் அது மண்டையைப் பார்த்துக் காத்திருக்கிறது என்று பொருள்.

அப்புறம் உள்ளே. உடைமாற்றும் அறை இரண்டு அணிக்கும் தனித்தனியா? ரெஃப்ரிக்குத் தனி அறை உண்டா? பெண்கள் அணி வந்தால் எங்கே போவார்கள்? வெந்நீர் வருகிறதா? ஆம்புலன்ஸ் வாசலிலிருந்து ஆடுகளம் வரை வர வழி இருக்கிறதா, இல்லை நடுவில் பூட்டிய கேட் ஒன்றின் சாவி எங்கோ மாநகராட்சி அலுவலகத்தில் கிடக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பல புதுக் கிளப்புகள் தடுமாறும். பொது மைதானத்தை வாடகைக்கு எடுத்தவர்களிடம் சாவி இருக்காது.

வாடகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழகான மைதானத்தைவிட அடுத்த வருஷமும் உங்களிடமே இருக்கும் மைதானம் மேல். "பள்ளிக்கூடம் கொடுக்கிறேன் என்றிருக்கிறது" என்று வாய்வார்த்தையைச் சொன்னால் கமிட்டி தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கோப்பை எடுக்கும். ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். சீசன் முழுக்கச் சனிக்கிழமைகள் உங்களுக்கு என்று அதில் தேதிகளோடு இருக்க வேண்டும். மாற்று மைதானம் ஒன்றையும் எழுதிவையுங்கள். உறைபனி விழுந்து ஆடுகளம் கல்லாகும் வாரங்கள் இங்கிலாந்தில் வரும்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் நாடு அது. செவ்வாய், வியாழன் இரவுப் பயிற்சிக்கு விளக்கு வெளிச்சம் உள்ள இடம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் கையில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குச் சாப்பாடு போடுவது அமெச்சூர் ரக்பியின் எழுதாத சட்டம். சொந்த கிளப் ஹவுஸ் இல்லையென்றால் பக்கத்து பப்போடு பேசி முடித்துவிட்டோம் என்று சொல்லுங்கள். ஆய்வாளரின் முகம் மலரும்.

எத்தனை பேர் என்று கேட்டால்

"எங்களிடம் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். அது போதாது என்பது கேட்பவருக்குத் தெரியும்.

ஸ்க்ரம் என்ற இடத்தில்தான் ஆள் கணக்கு இடிக்கும். எட்டு பேரும் எட்டு பேரும் தலை கொடுத்து முட்டித் தள்ளும்போது முதல் வரிசையில் நிற்கும் மூன்று பேரின் கழுத்தில்தான் மொத்தப் பாரமும் இறங்கும். பழகாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்தெலும்பு போகலாம். அதனால் உலக ரக்பி சட்டம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது: அணியில் பதினைந்து பேர் என்றால் முதல் வரிசைக்குப் பழகியவர் மூன்று பேர், பதினாறு முதல் பதினெட்டு வரை என்றால் நாலு, பத்தொன்பது முதல் இருபத்திரண்டு வரை என்றால் ஐந்து. இந்த ஆட்கள் இல்லையென்றால் முட்டித் தள்ளாத போலி ஸ்க்ரம்தான். அதைப் பார்க்க எதிரணி அறுபது மைல் வண்டி ஓட்டி வரவில்லை.

எனவே விண்ணப்பத்தோடு தரும் வீரர் பட்டியலில் பெயர், வயதோடு நிறுத்தாமல், முதல் வரிசையில் ஆடத் தெரிந்தவர் யார் யார் என்று தனிக் கட்டம் போட்டுக் காட்டுங்கள். எட்டுப் பெயர் அதில் இருந்தால் கமிட்டியில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் உங்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். மூன்றே பெயர் என்றால், அதில் ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குச் சளி என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். சரியான கேள்வி.

இன்னொரு கணக்கு தலைக்காயம். பிரிட்டனில் 2023இல் அடிமட்ட விளையாட்டுகளுக்கென்று வந்த வழிகாட்டுதலின்படி, கான்கஷன் என்று சந்தேகம் வந்தாலே ஆளை வெளியேற்ற வேண்டும். குறைந்தது 21 நாள் கழியாமல் போட்டிக்குத் திரும்பக் கூடாது. அதாவது ஒரு சனிக்கிழமை தலையில் அடிபட்டவர் அடுத்த இரண்டு வாரமும் இல்லை. வேலை, குடும்பம், காயம் எல்லாம் கழித்துப் பார்த்தால் ஓர் அணியை ஒரு சீசன் முழுக்க ஓட்ட முப்பத்தைந்து நாற்பது பேர் வேண்டும். இது என் கணிப்பு. ஆனால் கிளப் நடத்தியவர்கள் யாரும் இதைக் குறைத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆள் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் நாற்பது பேர் எங்கிருந்து வந்தார்கள்? பக்கத்து ஊர் கிளப்பிலிருந்து பத்துப் பேரைக் கிளப்பிக்கொண்டு வந்து தொடங்கியிருந்தால், அந்தக் கிளப்பின் ஆள் கமிட்டியில் உட்கார்ந்திருப்பார். வாய் திறந்து எதிர்ப்பார், அல்லது வாய் திறக்காமல் எதிர்ப்பார். பல்கலைக்கழக நகரம், புதுக் குடியிருப்பு, இதுவரை ரக்பி கிளப்பே இல்லாத ஊர் என்று புது ஆட்கள் வரும் வழியைக் காட்டினால் இந்த எதிர்ப்பு தணியும். முடிந்தால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பக்கத்து கிளப்புக்கு நேரில் போய்ப் பேசிவிடுங்கள். ஆதரவு தெரிவித்து அவர்கள் ஒரு கடிதம் கொடுத்தால் உங்கள் கோப்பில் அதைவிடப் பலமான தாள் இருக்காது.

காகிதம்

இது சலிப்பான பகுதி, விரைவாகப் போய்விடலாம். கிளப்பின் சட்டதிட்டம், பொறுப்பாளர் பட்டியல், வங்கிக் கணக்கு, காப்பீடு, முதலுதவி ஏற்பாடு, ஆபத்து மதிப்பீடு. பதினெட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும், பயிற்சியாளர்களுக்குக் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் கட்டாயம். இதில் ஒன்று குறைந்தாலும் மற்றது எதுவும் செல்லாது.

வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். ஒருவர் பையிலிருந்து ஓடும் கிளப், அவர் ஊர் மாறினால் நின்றுவிடும். சந்தா, ஆட்டக் கட்டணம், பார் வருமானம், விளம்பரதாரர் என்று நாலு வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும் கிளப்பையே கமிட்டி நம்பும்.

வீரர் பதிவில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். லண்டன் வெல்ஷ் பிரீமியர்ஷிப்பில் ஆடிய 2012–13 சீசனில் தகுதியில்லாத ஒரு வீரரை இறக்கியதற்காக அவர்களுக்கு ஐந்து புள்ளி வெட்டப்பட்டது. பதிவு ஆவணத்தில் கிளப்பின் சொந்த நிர்வாகி ஒருவர் செய்த மோசடிதான் காரணம். சீசன் முடிவில் அணி கீழே இறங்கியது. தொழில்முறைக் கிளப்புக்கே இந்த நிலை. அமெச்சூர் லீக்கில் பதிவு செய்யாதவரை வேறு பெயரில் ஆட வைக்கும் ஆசை அடிக்கடி வரும், ஆள் குறையும் நாளில் கேப்டனே கேட்பார். முடியாது என்று சொல்வதற்குத்தான் செயலாளர் இருக்கிறார்.

தூரம்

அமெச்சூர் ஆட்டக்காரர் சனிக்கிழமை காலை கிளம்பி இரவுதான் வீடு திரும்புவார் என்றால் வீட்டில் எத்தனை வாரம் பொறுப்பார்கள்? 2018இல் லங்காஷயரில் பல கிளப்புகள் தேசிய ஏணியை விட்டு விலகி, கவுண்டியே நடத்தும் உள்ளூர் லீக்குக்குப் போயின. நீண்ட பயணமும் ஒருபக்கமாக முடியும் ஆட்டங்களும் அவர்களுக்குச் சலித்துவிட்டன. 2022இல் யூனியன் ஏணி முழுவதையும் மாற்றியமைத்தபோது பயணத்தைக் குறைப்பது ஒரு முக்கிய நோக்கமாக இருந்தது. வட்டார லீக்குகளில் அணிகளின் எண்ணிக்கை பன்னிரண்டு என்று ஆனது. ஆளுக்கு 22 ஆட்டம், பாதி வெளியூரில்.

இது உங்கள் விண்ணப்பத்தை எப்படித் தொடும்? நீங்கள் கேட்கும் கீழ் லீக்கிலும் பன்னிரண்டு இடம் என்று இருந்து, அவை நிரம்பியிருந்தால், எவ்வளவு நல்ல கிளப்பாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். பதினொரு அணி இருக்கும் லீக்கில் ஒவ்வொரு வாரமும் ஓர் அணிக்கு ஆட்டம் இருக்காது. அங்கே பன்னிரண்டாவதாகப் போய் நின்றால் கதவு சீக்கிரம் திறக்கும். வரைபடத்தை எடுத்து, லீக்கில் உள்ள ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் உங்கள் மைதானத்துக்கு எத்தனை மைல், எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கமிட்டி கேட்காது, ஆனால் படிக்கும்.

தூரத்தைப் பணத்தால் வெல்ல முடியுமா என்றால், டொராண்டோ வுல்ஃப்பாக் முயன்று பார்த்தது. கனடாவிலிருந்து 2017இல் இங்கிலாந்தின் பதின்மூன்று பேர் ரக்பியில் மூன்றாம் தட்டில் சேர்ந்தார்கள். வரும் அணிகளின் பயணச் செலவைத் தாங்களே ஏற்றார்கள். மூன்றே வருஷத்தில் உச்ச லீக்குக்கு ஏறினார்கள். 2020இல் கொரோனா வந்தது, சீசன் நடுவில் விலகினார்கள். திரும்பி வர விண்ணப்பித்தபோது லீக் கிளப்புகள் வேண்டாம் என்று வாக்களித்தன. நடுவில் விட்டுப்போனவரை மறுபடி அழைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

கூட்டத்தில் உட்காரும்போது

நேர்காணலுக்கு அழைத்தால் மூன்று பேராகப் போங்கள்: செயலாளர், பொருளாளர், ஆட்டம் தெரிந்த ஒருவர். பவர்பாயிண்ட் வேண்டாம். கமிட்டியில் இருப்பவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். நாலு பக்கத் தாள் ஒன்று கொடுத்துவிட்டுக் கேள்விக்குப் பதில் சொன்னால் நன்றி சொல்வார்கள்.

கேட்பதற்கு முன் உங்கள் பலவீனத்தை நீங்களே சொல்லிவிடுவது நல்லது. "எங்கள் மைதானத்தில் விளக்கு இல்லை, பயிற்சிக்குப் பள்ளி மைதானம் எடுத்திருக்கிறோம், இதோ ஒப்பந்தம்." அவ்வளவுதான். மறைத்ததை அவர்கள் கண்டுபிடித்தால் சொன்னது எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும். ஐந்து வருஷத்தில் நேஷனல் லீக் என்ற கனவையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கடந்த வருஷம் ஒப்புக்கொண்ட நட்பு ஆட்டங்களில் எத்தனையை நடத்தினீர்கள், எதை ரத்து செய்தீர்கள், ஏன் என்ற பட்டியல் அதைவிட ஆயிரம் மடங்கு பேசும்.

நேரமும் முக்கியம். சீசன் செப்டம்பரில் தொடங்கும், ஆட்ட அட்டவணை கோடையில் முடிவாகிவிடும். ஆகஸ்டில் போய்க் கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். ஜனவரியிலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

மறுத்துவிட்டால்? முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்பீல் செய்யும் விதி இருந்தால் அதன் கெடு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 2012இல் லண்டன் வெல்ஷ் இரண்டாம் படியில் வென்றும், ஆக்ஸ்ஃபோர்டின் கஸம் ஸ்டேடியத்தில் ஆட்டத் தேதிகளில் அவர்களுக்கு முன்னுரிமை இல்லை என்று பிரீமியர்ஷிப் கதவை மூடினார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த சில கிளப்புகளும் அடுத்தவர் ஸ்டேடியத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு விலக்கு, எங்களுக்கு மட்டும் தடையா என்று வெல்ஷ் வாதாடியது, அப்பீலில் வென்றது. விதி எல்லோருக்கும் ஒன்றாக நடத்தப்படவில்லை என்று காட்ட முடிந்தால் மட்டுமே அப்பீலுக்குப் போங்கள். "எங்கள் உழைப்பை மதிக்கவில்லை" என்ற கோபத்தோடு போனால் செலவு உங்களுக்கு, மனக்கசப்பு எல்லோருக்கும். பெரும்பாலான மறுப்புகளுக்கு மருந்து ஒரு வருஷம் மெரிட் டேபிளில் ஒழுங்காக ஆடுவதுதான்.

இதில் வேலை இருக்கிறதா?

சம்பள வேலை இருக்கிறது, ஆனால் குறைவு. தாய்ச் சங்கத்திலும் பெரிய கவுண்டிகளிலும் போட்டி நிர்வாகம், உறுப்பினர் சேவை, கிளப் மேம்பாடு என்று சில இடங்கள் உண்டு. மற்றதெல்லாம் கௌரவப் பதவி, அதாவது உங்கள் பெட்ரோல் செலவு உங்களுடையது. சம்பள இடங்களுக்கு ஆள் எடுக்கும்போது இந்தக் கௌரவப் பதவியில் இருந்தவர்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். விளையாட்டு மேலாண்மைப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் வரிசையில் பின்னால் நிற்பார்.

பயோடேட்டாவில் "ரக்பி மீது தீராத ஆர்வம்" என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். "இரண்டு சீசன் ஃபிக்ஸ்சர் செயலாளர் (ஆட்ட ஏற்பாடு), ஓர் ஆட்டம்கூட வாக்ஓவர் கொடுக்கவில்லை" என்று எழுத முடிந்தால் அந்த ஒரு வரியே போதும். கோப்பு தயாரித்தது, ஒப்பந்தம் பேசியது, காப்பீடு புதுப்பித்தது, பாதுகாப்புச் சரிபார்ப்புகளை முடித்தது எல்லாம் வேறு எந்த அலுவலகத்திலும் விலைபோகும் அனுபவம். ரக்பியே பிடிக்காமல் போனாலும் நஷ்டமில்லை.

கிளப்புகளின் ஆண்டுப் பொதுக்குழு பெரும்பாலும் சீசன் முடிந்த கோடையில் நடக்கும். உங்கள் ஊர் கிளப்பில் எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். தலைவர் பதவிக்கு ஆள் இருப்பார்கள், அதை விட்டுவிடுங்கள். ஃபிக்ஸ்சர் செயலாளர் யார் என்று கேட்கும்போது அறையில் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அப்போது கையைத் தூக்குங்கள்.